முப்பது கோடு

நகரியில் ரேகாவிடம் டியூஷன் படித்த பிள்ளையை நூறு பேருக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடலாம். கணக்கைக் கொடுத்ததும் அது பேனாவைத் தூக்காது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். விடை கூடுமா, குறையுமா என்று வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் கை நோட்டுக்குப் போகும். சொல்லாமல் எழுதினால் முட்டியில் ஸ்கேல் விழும். அப்படி வாங்கி வாங்கிப் பழகிய பழக்கம் அது.

"எட்டை முக்காலால பெருக்கினா கூடுமாடா, கொறையுமா?"

"கூடும் மிஸ்."

"பெருக்கினாலே பெருசாயிடுமா? எட்டு இட்லியில முக்கால் பங்கு துன்னா பத்து இட்லி துன்ன மாதிரியா? எந்த வூட்ல குடுக்கிறாங்க, சொல்லு, நானும் வரேன்."

பிள்ளைகள் சிரிக்கும். ரேகா சிரிக்க மாட்டாள். பெருக்குகிற பின்னம் ஒன்றுக்குக் கீழே என்றால் எண் சுருங்கும், ஒன்றுக்கு மேலே என்றால் வளரும். இதை முன்கூட்டிச் சொல்லத் தெரியாதவன் கணக்குப் போடுவதும் ஒன்றுதான், கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. விடையில் ஒன்றிரண்டு பிசகினால் மன்னித்துவிடுவாள். சுருங்க வேண்டியதை வளர்த்துவைத்தவனை மட்டும் மன்னிக்க மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. திமிர் இருந்தது உண்மைதான். அந்தத் திமிரை நம்பித்தான் தெருவே அவளிடம் பிள்ளைகளை அனுப்பியது என்பதும் உண்மைதான்.

அவள் புருஷன் செங்கல்வராயன் நாலு பவர்லூம் தறி வைத்து ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே பாதிக் காது போய்விட்டது. கணக்கு என்று எது வந்தாலும் பெண்டாட்டியைக் கை காட்டிவிட்டு பீடியைத் தேடுவார். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் வெறும் வயிற்றில் இன்சுலின். அதற்கென்று பேனா மாதிரி ஒரு கருவி வாங்கி வைத்திருந்தார்கள். பின்பக்கத்துத் திருகை டக் டக்கென்று பன்னிரண்டு யூனிட் வரை திருப்பி, வயிற்றில் வைத்து அழுத்தினால் முடிந்தது. திருப்புவதும் ரேகாதான், அழுத்துவதும் ரேகாதான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதோடு சரி.

அவர்கள் மகள் தரணி திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதில் ஒரு ஆண் குழந்தை தங்கியது. கோயில் வாசலில்கூடச் செருப்புக்குக் காவல் நிற்கிறேன் என்று வெளியே நின்றுவிடுகிற மனுஷன் செங்கல்வராயன். அவர் பேரனைக் கையில் வாங்கியதும் கண் கலங்கி, அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். ரேகாவால் நம்பவே முடியவில்லை. சந்தோஷம் தாங்காமல் தானும் கூட நடப்பதாகச் சொல்லிவிட்டாள்.

இருட்டு பிரியும்போதே நகரியில் பஸ் ஏறினார்கள். புத்தூரில் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. யாரோ ஒருவன் அரிசி மூட்டையை மேல்தட்டில் தூக்கிப் போட்டான். அது அவர்கள் பையின்மேல் உட்கார்ந்துவிட்டது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பையைத் திறந்தால் பேனா இரண்டாக உடைந்து கிடந்தது. உள்ளே இருந்த மருந்துக் குழாய்க்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

"வுடு, ஒரு நாள் போடலன்னா இன்னா ஆயிடும்?" என்றார் செங்கல்வராயன்.

"மலை ஏறப்போற நாள்ல சக்கரை ஏறிக்கினு நின்னா யாரு உங்கள தூக்கறது? கம்முனு வாங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக் கடை திறந்திருந்தது. கடைக்காரர் நாகபூஷணம் அப்போதுதான் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். ரேகா மருந்துக் குழாயைக் காட்டி, இதை எடுத்துப் போட ஊசி வேண்டும் என்றாள். அவர் குழாயைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஹண்ட்ரெட் மருந்தும்மா. இதுக்கு ஆரஞ்சு மூடி ஊசி வேணும். ஸ்டாக் லேது. செவப்பு மூடிதான் இருக்குது. அது ஃபார்ட்டி மருந்துக்கு."

"ஊசியில கோட்டை மாத்திப் போட்டா ஆச்சு. கணக்குதானே அண்ணா?"

"அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் மூடிக் கலரைப் பார்த்து விக்கிறவன். பக்கத்துக் கிளினிக்ல டாக்டர் வந்துடுவாரு, கேட்டுக்கினு போடுங்க. இல்ல, இன்னும் செத்த நேரத்துல ஆரஞ்சே வந்துடும்."

"நான் கணக்கு மிஸ்" என்றாள் ரேகா. அவர் சிவப்பு மூடி ஊசியை எடுத்துக் கொடுத்தார்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அவள் அதைப் போட்டுவிடவில்லை. அதுதான் கொடுமை. கடை ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே முறையாக யோசித்தாள். முதலில் விடை வளருமா, சுருங்குமா? மருந்து நூறாம் நம்பர். ஊசி நாற்பதாம் நம்பர். நூறு பெரியது, நாற்பது சின்னது. சின்ன ஊசியை வைத்துக்கொண்டு பெரிய ஊசியின் வேலையை வாங்க வேண்டும் என்றால் கோடு அதிகமாகத்தானே வேண்டும்? ஆகவே வளரும். வளர வேண்டும் என்றால் பின்னம் ஒன்றுக்கு மேலே இருக்க வேண்டும். நாற்பதின்மேல் நூறு. சுருக்கினால் இரண்டின்மேல் ஐந்து. பன்னிரண்டை அதனால் பெருக்கினாள். முப்பது.

பிசிறில்லாமல் முழு எண்ணாக வந்து நின்றது. முழு எண் வந்தால் அவளுக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம். சரிபார்ப்பதற்காகப் பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பெருக்கிப் பார்த்தாள். நாலு புள்ளி எட்டு என்று வந்தது. தினமும் பன்னிரண்டு போடுகிற மனுஷனுக்கு நாலேமுக்கால் சொச்சமா? அந்தச் சொச்சத்துக்கு ஊசியில் கோடுகூடக் கிடையாது. சீ என்று ஒதுக்கிவிட்டாள்.

அவள் தன் பாடத்தை மறக்கவில்லை. வளரும் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, வளர்க்கிற பின்னமாகத் தேடி எடுத்தாள். விடையும் அவள் சொன்னபடியே வளர்ந்து வந்தது. ஊகமும் விடையும் ஒத்துப்போனால் கணக்கு சரி என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஊகமே கோணலாக இருந்தால் விடையும் அதே கோணலில் வந்து ஒத்துப்போகும் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. அவளுக்கே அது தெரியாது.

முப்பதாவது கோடு வரை மருந்தை இழுத்தாள். ஊசியில் முக்கால்வாசி நிறைந்தது. செங்கல்வராயனும் அதைப் பார்த்தார்.

"இன்னாமே, நெறைய இருக்குது?"

"இது வேற ஊசி. கோடு வேற. உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"நீ சொன்னா சரி" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவள் அவர் வயிற்றில் குத்தி, இழுத்ததை முழுவதும் அழுத்தினாள்.

பக்கத்துத் தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்டார்கள். நாலு சாப்பிடுங்கள் என்று அவள் சொல்லியும் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஏறினால் விலாவில் பிடிக்கும் என்றார். ஆட்டோ பிடித்து அலிபிரி போனார்கள். பாத மண்டபத்தில் சாமியின் பாதரட்சையைத் தலையில் சுமந்து சுற்றிவிட்டு, கோவிந்தா என்று முதல் படியில் கால் வைத்தார் செங்கல்வராயன். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

கொஞ்ச தூரம் வரைக்கும் நன்றாகத்தான் ஏறினார். பேரனுக்கு என்ன பெயர் வைப்பது, முடி கொடுத்த தலையோடு அவன் முன்னால் போய் நின்றால் பயந்துகொள்வானா என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பிறகு பேச்சு குறைந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. கழுத்தில் வியர்வை ஓடியது. அந்தப் படிக்கட்டில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? மொத்தக் கூட்டமும் நனைந்துபோய்த்தான் ஏறிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது. ஏறுகிற எல்லோருக்கும் காலாவது நடுங்கத்தான் செய்யும். சமவெளியில், வீட்டில், தறிக்குப் பக்கத்தில் இப்படி ஆகியிருந்தால், சர்க்கரை இறங்குகிறது என்று அவளுக்கு உடனே பொறி தட்டியிருக்கும். மலை எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

ஒரு வளைவில் அவர் நின்றார். அண்ணாந்து பார்த்துச் சத்தமாகச் சிரித்தார்.

"இழை அறுந்துபோச்சு... இழையைப் புடி... டேய், புடிடா!"

"யாருகிட்ட பேசறீங்க?" என்று ரேகா தோளைத் தொட்டாள். அவர் அவளைத் தெரியாதவர் மாதிரி பார்த்தார். கையை உதறினார். "கோவிந்தா!" என்று அடித்தொண்டையில் கத்தினார். சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு இடமும் வலமுமாக ஆடினார்.

சுற்றி நடந்தவர்கள் நின்றார்கள். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்த பெண்கள் கை கூப்பினார்கள். "ஸ்வாமி ஒச்சினாடு" என்றது ஒரு குரல். சாமி வந்துவிட்டார் என்ற பேச்சு தமிழிலும் தெலுங்கிலும் கீழ்ப்படிவரை பரவியது. கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம் முழங்கியது. ஒருத்தி ஓடிவந்து அவர் நெற்றி நிறையக் குங்குமத்தை அப்பினாள்.

ரேகாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பயமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிடப் பெருமை பெரிதாக இருந்தது. கோயிலுக்குள்ளேயே வராத மனுஷன்மேல் சாமியே இறங்கி வந்திருக்கிறார், அதுவும் தன் கண்ணெதிரே. அவளும் கை கூப்பினாள்.

சத்தியவேட்டிலிருந்து வந்த பொன்னியம்மாள் என்ற பெண்மணி, படி பூஜைக்கு வைத்திருந்த வெல்லக்கட்டி ஒன்றை உடைத்து, சாமி வந்தவர் வாயில் போட வந்தாள். ரேகா பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். வெல்லம் படியில் விழுந்து உருண்டது.

"அவருக்கு சக்கரைம்மா! வெல்லம் குடுத்தா உயிருக்கே ஆபத்து."

"சாமிக்கு இன்னாம்மா சக்கரை?" என்றாள் பொன்னியம்மாள் மனத்தாங்கலோடு. குனிந்து வெல்லத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

சற்று நேரத்தில் ஆட்டம் நின்றது. செங்கல்வராயன் அப்படியே மடங்கி உட்கார்ந்து பின்பக்கம் சாய்ந்தார். கண் மேலே சொருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை வந்தது. அதற்குப் பிறகுதான் கூட்டத்திலிருந்து ஒருவர், இது சாமி இல்லை, ஸ்ட்ரெச்சரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தபோது மெஷினில் எண்ணே வரவில்லை. சர்க்கரை அளக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸை ஊசி ஊசியாக ஏற்றினார்கள். வலிப்பு நின்றது. கண் மட்டும் திறக்கவில்லை. டியூட்டி டாக்டர் காவ்யா சின்னப் பெண்தான். ரேகாவைத் தனியே அழைத்து உட்காரவைத்தாள்.

"காலையில இன்சுலின் எவ்ளோ போட்டீங்கம்மா?"

"பன்னெண்டு."

"பன்னெண்டுக்கு இப்படி ஆகாதே."

"பேனா ஒடஞ்சிபோச்சு. செவப்பு மூடி ஊசியில கணக்குப் பண்ணி முப்பது கோடு போட்டேன்."

காவ்யா எழுதுவதை நிறுத்தினாள். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூட ரேகாவுக்குத் தாங்கியிருக்கும். மெதுவான குரலில் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு மில்லி மருந்தை நாப்பது கோடா பிரிச்சா ஒரு கோடு பெருசா இருக்குமா, நூறு கோடா பிரிச்சா பெருசா இருக்குமாம்மா?"

அது ஆறாம் வகுப்புப் பாடம். பின்னத்தில் கீழே இருக்கிற எண் பெரிதாகப் பெரிதாகப் பங்கு சிறிதாகும். பலகையில் அவள் எழுதாத வருஷம் இல்லை.

"நாப்பதா பிரிச்சா" என்றாள். சொன்ன வாய் மூடவில்லை.

நாற்பது சின்ன எண்தான். ஆனால் அதன் ஒரு கோடு பெரிய கோடு. பெரிய கோடென்றால் குறைவாகப் போதும். சுருங்கியிருக்க வேண்டும். நாலு புள்ளி எட்டுதான் விடை. அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, சீ என்று ஒதுக்கியிருக்கிறாள். ஒரு பெரிய கோட்டில் இரண்டரை யூனிட், முப்பது பெரிய கோடு என்றால் எழுபத்தைந்து யூனிட். பன்னிரண்டு போக வேண்டிய உடம்புக்குள் எழுபத்தைந்து போயிருக்கிறது. கேட்காமலே அவள் மூளை அந்தக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டது. இந்த முறை தப்பில்லை.

"கடையில சொன்னாங்களா அப்படிப் போடச் சொல்லி?" என்று காவ்யா கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை.

"அவரு டாக்டரைக் கேளுன்னாரு. நான்தான் கேக்கல" என்றாள் ரேகா. பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வெளியே கேட்குமே என்றுகூடப் பார்க்காமல், பெரிதாக அழுதாள். வெல்லத்தைத் தட்டிவிட்ட கை அவளுக்கு எரிந்தது.

செங்கல்வராயன் பிழைத்தார். கண் திறந்தார், சோறு தின்றார், கையைப் பிடித்துக்கொண்டால் நடந்தார். ஆனால் சர்க்கரை இல்லாமல் கிடந்த அந்த நேரத்தில் மூளையில் ஒரு பகுதி போய்விட்டது, அது திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மகளை அவருக்குத் தெரியவில்லை. நேர்ந்துகொண்ட பேரனைத் தெரியவில்லை. வார்த்தைகள் ஒன்றிரண்டாகத்தான் வந்தன. அதிலும் பாதி தறியைப் பற்றி.

நகரியிலிருந்து தெருப் பெரியவர் கன்னையா ஆட்களோடு பார்க்க வந்தார். படுத்திருந்தவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அழுவாத ரேகா. ஏழுமலையான் வந்து எறங்கின ஒடம்பும்மா இது. அவ்ளோ பெரிய சாமி வந்துட்டுப் போனா மனுஷன் பழையபடி இருப்பானா?"

"சாமியும் வரல, ஒண்ணும் வரல. நான் ஊசியத் தப்பாப் போட்டேன்" என்றாள் ரேகா.

பாவம், துக்கத்தில் தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறாள் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் ஆதரவாக முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். தண்டனை கேட்டவளுக்கு அனுதாபம் கிடைத்தது. தட்டு நிறையப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

தரணி மட்டும் நம்பினாள். டாக்டர் அவளிடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். அம்மாவை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பாவைத் திருப்பதியிலேயே தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். அம்மாவையும் இருக்கச் சொன்னாள். ஒரு நாள் குழந்தைக்குச் சளி. ரேகா மருந்து பாட்டிலை எடுத்து மூடியில் ஊற்றப் போனாள். தரணி அடுப்படியிலிருந்து ஓடிவந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"குடும்மா, நான் பார்த்துக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ரேகா வெறுங்கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். நகரியில் டியூஷன் அறை பூட்டியது பூட்டியபடியே கிடந்தது. பிள்ளைகளின் அம்மாக்கள் போன் செய்து, மிஸ் எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். அவள் போனை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

இன்சுலின் போடுவதைத் தரணி நர்ஸிடம் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஆரஞ்சு மூடி ஊசி பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் கிடந்தவரை நர்ஸுகள் எப்படியோ சமாளித்தார்கள். வீட்டில் முதல் நாள் காலையில் தரணி ஊசியோடு கிட்டே போனதும் செங்கல்வராயன் மிரண்டார். அவள் கையைத் தள்ளினார். மருமகன் வந்து பிடித்துப் பார்த்தார். அவரையும் உதறித் தள்ளினார்.

"நைனா, நான் தரணி. செத்த நேரம் ஆடாம இரு நைனா."

"நீ வேணாம்" என்றார். கண்ணால் அறை முழுக்கத் தேடினார். கதவோரம் நின்றுகொண்டிருந்த ரேகாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவளை நோக்கி விரலை நீட்டினார். மலையில் விழுந்த நாளிலிருந்து ஒரு முழு வாக்கியம் பேசாத மனுஷன், தட்டுத் தடுமாறி ஒன்றைக் கோத்துச் சொன்னார்.

"அவ போட்டா... தப்பாது."

ரேகா தலையை ஆட்டினாள். முடியாது, என்னால் முடியாது என்று பின்னுக்கு நகர்ந்தாள். அவர் விடவில்லை. பனியனைத் தானே மார்புவரை ஏற்றிவிட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

தரணி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு நீட்டினாள்.

"கோடெல்லாம் நான் பார்த்துட்டேம்மா. நீ எதையும் பார்க்க வேணாம். குத்து, போதும்."

ரேகா ஊசியை வாங்கிக்கொண்டாள். எத்தனை கோடு என்று பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவர் வயிற்றில் குத்தி, மருந்து முழுவதும் இறங்கும்வரை அழுத்தினாள். எடுத்ததும் அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

செங்கல்வராயன் பனியனை இறக்கிவிட்டுக்கொண்டார். அவள் ஏன் அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. வலிக்கவில்லை என்று சொல்வதுபோல, கையை நீட்டி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.